அணியம், அமரம், ஏரா: படகின் பாகங்களுக்குத் தமிழில் பெயர் இல்லையா?

கும்பகோணம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அறிவியல் கண்காட்சிக்காகப் பிள்ளைகள் ஒரு பாய்மரப் படகு மாதிரி செய்கிறார்கள். பாகங்களுக்குப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். கிடைத்த படத்தில் பவ், ஸ்டெர்ன், கீல், ரடர், போர்ட், ஸ்டார்போர்டு என்று எல்லாமே ஆங்கிலம். தமிழில் முன்பகுதி, பின்பகுதி, அடிப்பகுதி என்று எழுதினால் போதுமா? இவற்றுக்குத் தனிப் பெயரே கிடையாதா?"

டீச்சர், பெயர் இருக்கிறது. சிலவற்றுக்கு ஒன்றுக்கு இரண்டாகவே இருக்கிறது. காலையில் கும்பகோணத்தில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நாகப்பட்டினம் வந்துவிடலாம். அங்கே கடுவையாற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்று காதைக் கொடுத்தால் பாதிப் பெயர் தானாக வந்து விழும். நாற்றங்கால், பரம்பு, களம், பதர் என்று வயல் சொற்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டன. அதே டெல்டாவின் கிழக்கு ஓரத்தில் புழங்கும் அணியமும் ஏராவும் மட்டும் ஏனோ வயல் தாண்டி மேற்கே வரவில்லை.

என் அப்பா ஓடாவி. வீட்டுக்குக் கதவு நிலை செய்பவர் ஆசாரி, மரக்கலம் கட்டுபவர் ஓடாவி. நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குப் போய் 18 வருஷம் ஓடிவிட்டுக் கரைக்கு வந்தவன். அதனால் ஒவ்வொரு பாகமும் எனக்கு இரண்டு பெயரில் பழக்கம். அப்பா வாயிலிருந்து வந்தது ஒன்று, கப்பலில் போசன், அதாவது டெக் ஆட்களின் மேஸ்திரி, கத்தியது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

படகின் முன்பக்கம் அணியம். பின்பக்கம் அமரம். சில ஊர்களில் பின்பக்கத்தைக் கடையார் என்பார்கள், அதுவும் சரிதான். "முன்பகுதி என்றால் புரியாதா, எதற்குத் தனிச் சொல்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கடலில் நிற்கும் நாலு பேரும் நாலு பக்கம் பார்த்து நிற்பார்கள். தண்டு வலிப்பவன் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பான், வலை வாங்குபவன் பக்கவாட்டில் குனிந்திருப்பான். அந்த நேரத்தில் "முன்னால போ" என்று கத்தினால் யாருக்கு முன்னால்? "அணியத்துக்குப் போ" என்றால் சந்தேகமே இல்லை. ஆள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் படகின் அணியம் மாறாது. பெயர்கள் படகைப் பார்த்து வைத்தவை, ஆளைப் பார்த்து அல்ல. இந்த ஒன்றைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் மற்ற பெயர்களெல்லாம் ஏன் இருக்கின்றன என்பதும் விளங்கிவிடும்.

மேலே தண்டு என்றேனே, அதையும் துடுப்பையும் நகரத்தில் ஒன்றாகவே நினைக்கிறார்கள். துடுப்பைக் கையில் பிடித்தபடி தண்ணீரைத் தள்ளுவோம், முன்பக்கம் பார்த்துக்கொண்டு. தண்டு நீளமானது. படகின் விளிம்பில் கயிற்று வளையத்தில் மாட்டி, நெம்புகோல் போல வலிப்பது. அதனால்தான் துடுப்புப் "போடுகிறோம்", தண்டு "வலிக்கிறோம்". ஆற்றில் இரண்டும் தேவைப்படாத இடம் உண்டு. கொள்ளிடத்தில் ஆழம் குறைந்த இடங்களில் மூங்கில் கழியை மண்ணில் ஊன்றித் தள்ளியே ஓடத்தைக் கொண்டுபோய்விடுவார்கள்.

இடது, வலது விஷயத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். போர்ட், ஸ்டார்போர்டுக்கு ஈடாக அப்பா எந்தத் தனிச் சொல்லும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் தலைமுறை காற்றையும் கரையையும் வைத்துத்தான் பேசியது: வாடைப் பக்கம், கச்சான் பக்கம், கரைப் பக்கம், கடல் பக்கம் என்று. வாடை வடக்கிலிருந்து வரும் காற்று, கச்சான் மேற்கிலிருந்து வருவது. கரை எப்போதும் ஒரே பக்கம் இருக்கும் கடலோரத்தில் இது போதுமானதாக இருந்திருக்கும். நடுக்கடலில் கப்பல் திரும்பிக்கொண்டே இருக்கும்போது போதாது. ஆகவே உங்கள் மாதிரியில் இடப்புறம், வலப்புறம் என்றே எழுதுங்கள். தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துப் புதிதாக எதையும் உண்டாக்க வேண்டாம். அணியத்தைப் பார்த்து நின்றால் வரும் இடதும் வலதும் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆங்கிலப் பெயர்களுக்குக் கதை உண்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பழைய ஐரோப்பியப் படகுகளில் படகைத் திருப்பும் சுக்கான் (உங்கள் படத்தில் ரடர்) பின்னால் நடுவில் இல்லை. வலப் பக்கத்தில் ஒரு பெரிய துடுப்பைக் கட்டி அதனால்தான் திருப்பினார்கள். திருப்பும் பலகை இருந்த பக்கம் என்பதே ஸ்டார்போர்டு ஆனது. அந்தத் துடுப்பு நசுங்கக்கூடாது என்பதால் துறையில் எப்போதும் இடப் பக்கத்தை அணைத்தார்கள். துறைமுகப் பக்கம் என்பதால் அது போர்ட். அதற்கு முன் இடப் பக்கத்தை லார்போர்டு என்றுதான் சொன்னார்கள். புயலில் கத்தும்போது லார்போர்டும் ஸ்டார்போர்டும் ஒரே மாதிரி காதில் விழுகின்றன என்று பிரிட்டிஷ் கடற்படை 1844ல் லார்போர்டை விலக்கி, போர்ட் என்றே சொல்ல உத்தரவு போட்டது. கடலில் ஒரு சொல் காற்றுக்கு மேல் கேட்க வேண்டும், இன்னொரு சொல்லோடு ஒட்டக்கூடாது. நம் அணியத்தையும் அமரத்தையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள், ஒட்டாது.

நான் இதில் அடி வாங்கியவன். கப்பலில் ஏறிய முதல் வாரம், அமரத்தில் பின்பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். "போர்ட் சைடு கயிறு!" என்று குரல் வந்தது. என் இடது கைப் பக்கம் ஓடினேன். அது கப்பலின் வலப் பக்கம். அன்று போசனிடம் வாங்கிய வசவை எந்த மொழியிலும் எழுத முடியாது.

இந்த இடம் வலத்தோடு நிறமும் சேரும். இரவில் ஓடும் விசைக்கலத்துக்கு இடப்புறம் சிவப்பு விளக்கு, வலப்புறம் பச்சை, பின்னால் வெள்ளை, பாய்மரத்திலும் ஒரு வெள்ளை. கடலில் மோதலைத் தவிர்க்க 1972ல் உருவான சர்வதேச விதிகள் இப்படிச் சொல்கின்றன. இருட்டில் எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் ஒரு கலம் நேராக உங்களை நோக்கி வருகிறது. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம் உங்களுக்குத் தெரிகிறது. அது உங்கள் வலமிருந்து இடம் நோக்கிக் குறுக்கே போகிறது. உங்கள் வலப்புறத்திலிருந்து அப்படிக் குறுக்கே வந்தால் விலக வேண்டியது நீங்கள். ரோட்டில் சிக்னலில் சிவப்பைக் கண்டால் நிற்பது போலத்தான். உங்கள் மாதிரியில் இரண்டு சின்ன எல்.இ.டி. வைத்துவிடுங்கள், கூட்டம் அங்கேதான் நிற்கும்.

அடுத்தது ஏரா. கீல் என்று படத்தில் இருப்பது இதுதான். ஏராக்கட்டை என்றும் சொல்வோம். படகின் அடியில் அணியத்திலிருந்து அமரம் வரை ஒரே நீளமாக ஓடும் முதுகெலும்பு. அப்பா எந்தப் படகையும் இதிலிருந்துதான் தொடங்குவார். நல்ல நாள் பார்த்து ஏரா வைப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள், அதற்குப் பிறகுதான் மற்ற மரம் கிட்டே வரும். அதை வெறும் "அடிப்பகுதி" என்று எழுதினால் தப்பு. அடிப்பகுதி தட்டையாகவும் இருக்கலாம், ஏராவே இல்லாமலும் இருக்கலாம்.

ஏராவுக்கு இரண்டு வேலை. ஒன்று, மொத்தப் படகையும் தாங்கிப் பிடிப்பது. மற்றது பாய்ப்படகுக்கு உயிரானது. காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது பாய் படகை முன்னாலும் தள்ளும், பக்கத்திலும் தள்ளும். பக்கத்தில் போகாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்வது ஏரா. மிச்சம் இருக்கிற வழி முன்பக்கம்தான். ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு முன்னால் பாயுமே, அதே கதை. ஒரு விரல் காற்று, இன்னொரு விரல் தண்ணீர். ஏரா இல்லாத தட்டைப் படகில் பாய் கட்டினால் அது நண்டு போலப் பக்கவாட்டில் ஊர்ந்துவிடும்.

பாக் நீரிணைப் பக்கம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கரைகளில், ஆழமில்லாத சேற்றுக் கடல். பெரிய ஏரா வைத்தால் தரை தட்டும். அங்கே வத்தை என்னும் பாய்ப்படகில் குறுக்கே ஒரு நீளப் பலகையைப் போட்டு, காற்று வரும் பக்கத்தில் வெளியே நீண்டிருக்கும் நுனியில் ஆள் ஏறி நிற்பார். காற்று படகைச் சாய்க்கப் பார்க்கும், ஆளின் எடை நிமிர்த்தும். காற்று கூடினால் இன்னொருவரும் ஏறுவார். காற்றின் வேகத்தை ஆள் கணக்கில் அளந்த ஊர் அது.

டெல்டாவின் கிழக்குக் கரையில் சிக்கல் வேறு. அங்கே அலை கரையில் உடைகிற இடத்தைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும், சரக்கும் ஆளும் சிறு படகில்தான் கரை சேரும். அந்த அலைக்கு உறுதியான படகு சரிப்படாது, உடைந்துவிடும். அதனால் சோழமண்டலக் கரை முழுவதும் மசூலா என்று ஒரு படகு இருந்தது. அதற்கு விலா எலும்பே கிடையாது, ஒரு ஆணியும் கிடையாது. பலகையைப் பலகையோடு வைத்து, தென்னங்கயிற்றால் துணி போலத் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு நெளிந்து கொடுக்கும். வந்து பார்த்த ஐரோப்பியர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு தாங்களும் அதிலேயே ஏறினார்கள். வேறு வழி அவர்களுக்கு இல்லை.

விலா எலும்பு என்றேன் அல்லவா, அதன் பெயர் வங்கு. ஏராவின் இரு பக்கமும் மேல் நோக்கி வளைந்து எழும் சட்டங்கள். நேரான மரத்தை அறுத்து வளைவு செய்தால் நரம்பு அறுபட்டு அந்த இடத்தில் முறியும். அதனால் அப்பா மரக்கடைக்குப் போவதைவிட மரம் நிற்கும் இடத்துக்குப் போவார். தானாக வளைந்த கிளையாகத் தேடுவார். வெட்டாறு கரையில் ஒரு வாகை மரத்தை அண்ணாந்து பார்த்து, "இதுல மூணு வங்கு இருக்கு" என்று சொல்வது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. எனக்குக் கிளைதான் தெரிந்தது.

வங்கின் மேல் பலகை அடித்ததும் இடுக்கு இருக்கும். பஞ்சையோ கயிற்று நாரையோ திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி அடைப்பார்கள். இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். போர்த்துக்கீசியரோடு வந்த சொல் அது. ஒரு முறை அப்பா கலப்பத்து முடித்த படகைக் காயும் முன்பே இறக்கச் சொல்லி முதலாளி ஒருவர் அவசரப்படுத்தினார். இறக்கிய மூன்றாம் நாள் முழங்கால் தண்ணீரோடு திரும்பி வந்தது. வசவு ஓடாவிக்குத்தான் விழுந்தது. நாகூரில் ஒரு கதை சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள்: நாகூர் ஆண்டவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது கடலில் ஓட்டை விழுந்து மூழ்கிக்கொண்டிருந்த கப்பலை அறிந்து, கையிலிருந்த கண்ணாடியை வீசினாராம், அது போய் ஓட்டையை அடைத்துக்கொண்டதாம். கந்தூரிக்குக் கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதத்தில் ஊர்வலமாக வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கலப்பத்து ஞாபகம்தான் வரும். ஓட்டை அடைபட வேண்டும் என்பதைவிடப் பெரிய வேண்டுதல் கடல்காரனுக்கு என்ன இருக்கும்?

இனி மேலே பார்ப்போம். நடுவில் நிற்பது பாய்மரம். சங்க காலத்தில் கூம்பு என்றார்கள். புறநானூற்று 30ஆம் பாட்டில், கூம்பையும் மேற்பாயையும் களையாமல், சுமையையும் குறைக்காமல் பெருங்கலம் புகாரின் ஆற்றுமுகத்துக்குள் புகுந்ததாக வருகிறது. படிக்கும்போது வெறும் பெருமைப் பேச்சு போலத் தெரியும். கப்பல்காரனுக்கு அதில் ஒரு தகவல் இருக்கிறது: காவிரி முகத்துவாரம் அன்று அவ்வளவு ஆழம். இன்று பூம்புகாரில் நின்று பார்த்தால் நம்ப முடியாது. மணல் திட்டு எழுந்து முகத்துவாரம் தூர்ந்துபோவதுதான் இன்றைக்கு டெல்டாவின் ஆறுகள் பலவற்றில் மீனவர்களின் தீராத தொல்லை.

பாய்மரத்தில் குறுக்கே சாய்வாகத் தொங்கும் கட்டை பருமல். பாய் கட்டப்படுவது இதில்தான், நேராகப் பாய்மரத்தில் இல்லை. பருமலை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் மூலையைப் பிடித்து, இறுக்கவும் தளர்த்தவும் செய்யும் கயிறு தாமான். உங்கள் படத்தில் ஹாலியார்டு, ஷீட் என்று இருந்தால் அவை இவை இரண்டுதான். ஷீட் என்றதும் பாயின் துணி என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலக் கப்பல் மொழியில் அது கயிறு. ஆங்கிலேயரே அதில் தடுக்கி விழுவார்கள். இரண்டில் தாமான்தான் முக்கியம். திடீர்க் காற்று அடித்தால் முதலில் தளர்த்துவது அதைத்தான். தாமானைக் கட்டிவைத்துவிட்டுத் தூங்கியவன் கவிழ்ந்திருக்கிறான்.

பாய் என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் சும்மா விட்டுவிடாதீர்கள். படுக்கும் பாயும் கப்பல் பாயும் ஒரே சொல். இரண்டையும் விரிக்கிறோம், இரண்டையும் சுருட்டுகிறோம். கொள்ளிடக் கரையில் தைக்கால் பக்கம் கோரைப்பாய் நெய்வதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். சணல் துணியோ பருத்தியோ ஒட்டி நீங்கள் பாய் செய்தாலும், பெயர்ச் சீட்டில் வெறும் "பாய்" என்று எழுதினால் போதும், "பாய்த்துணி" வேண்டாம்.

சுக்கான். இது அரபிச் சொல். நங்கூரம் பாரசீகத்திலிருந்து, மாலுமி அரபியிலிருந்து. கடல் மொழிக்கு வேலி கிடையாது. நாமும் சும்மா வாங்கிக்கொண்டிருக்கவில்லை. கட்டுமரத்தைக் கொடுத்தோம். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697ல் வெளியான பயண நூலில் அதை எழுதிவைத்தார், உலகம் முழுக்கப் போனது. போன இடத்தில் பொருள் மாறிவிட்டது. இன்று காட்டமரான் என்றால் இரண்டு உடல்களைப் பாலம் போட்டு இணைத்த சொகுசுப் படகு. நம் கட்டுமரமோ உடலே இல்லாதது, நாலைந்து இலேசான மரங்களை வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே வந்தால் கீழேயே போய்விடும், இறைக்க வேண்டாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியாக வெயிலில் காய வைப்பார்கள், ஊறினால் கனக்கும் என்று. கோலா மீனுக்குப் போக நாகப்பட்டினம் கரையில் பெரிதாகக் கோலா மரம் என்றே ஒன்று கட்டினார்கள்.

சுக்கானுக்கு வருகிறேன். அமரத்தில், தண்ணீருக்குள் கதவு போலத் தொங்கும் பலகை. மாட்டு வண்டி முன்னாலிருந்து திரும்பும். மாடு திரும்பினால் நுகத்தடி திரும்பும், வண்டி பின்னால் வரும். படகு பின்னாலிருந்து திரும்பும். சுக்கானை வலப் பக்கம் சாய்த்தால் ஓடும் தண்ணீர் அதில் மோதி அமரத்தை இடப் பக்கம் தள்ளும், அதனால் அணியம் வலப் பக்கம் திரும்பும். துறையை விட்டு முதல் முறை படகு எடுப்பவன் பின்பக்கத்தைச் சுவரில் இடிப்பது இதனால்தான். அவன் கண் அணியத்தில் இருக்கும், படகோ அமரத்தை வீசும். சுக்கானுக்கு இன்னொரு குணம், படகு நகராவிட்டால் அது வெறும் பலகை. தண்ணீர் ஓடி மோதினால்தான் வேலை செய்யும். தொட்டியில் மாதிரியை விட்டுக் காட்டும்போது முதலில் கையால் தள்ளிவிட்டு, பிறகு திருப்பச் சொல்லுங்கள்.

இப்போது நாகப்பட்டினத்திலோ பழையாற்றிலோ லாஞ்சில் ஏறினால் சுக்கான் சக்கரம் கேபினுக்குள் இருக்கும், அதைப் பிடிப்பவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாலுமி என்றால் சிரிப்பார்கள். சின்ன ஃபைபர் படகில் சுக்கானே இருக்காது. நீளத் தண்டோடு இருக்கும் என்ஜினையே பக்கவாட்டில் அசைத்துத் திருப்புவார்கள், அந்தத் தண்டின் நுனியில் சுழல்வது ஃபேன், புரொப்பெல்லரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையில் கிடந்த கட்டுமரங்கள் எல்லாம் போயின. நிவாரணமாகக் குவிந்தது ஃபைபர் படகு. அப்பா போன்ற ஓடாவிகளுக்கு அதற்குப் பிறகு வேலை குறைந்ததுதான். ஆனால் அந்த ஃபைபரிலும் முன்னால் நிற்பவனிடம் "அணியத்துல குந்து" என்றுதான் சொல்கிறார்கள். அச்சில் வார்த்த படகுக்கு வங்கும் இல்லை, கலப்பத்தும் இல்லை. அணியம் இருக்கிறது.

நங்கூரம் பற்றி ஒரு தவறான எண்ணம் எல்லோரிடமும் உண்டு: கனத்தால் படகைப் பிடிக்கிறது என்று. கல் நங்கூரம் அப்படித்தான், ஆனால் இரும்பு நங்கூரம் கொழு போல. உழும்போது கொழு மண்ணுக்குள் இறங்குமே, அது மாதிரி அதன் நாக்கு தரையில் கிடைமட்டமாக இழுபட்டால்தான் புதையும். மேலே தூக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் கயிற்றை ஆழத்தைப் போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு விட வேண்டும். இரண்டு பாகம் ஆழம் என்றால் பத்துப் பாகத்துக்குக் குறையாமல். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய ஆறு அடி. ஆங்கிலத்தில் ஃபாதம் என்பதும் அதே கை விரிப்புத்தான். இழுக்கும்போது நம் பக்கத்துக் களிச் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், தளர்ந்த மணலில் உழுதுகொண்டே வரும்.

உங்கள் படத்தில் இருக்காத ஒன்றைச் சேர்க்கலாம், அறிவியல் கண்காட்சி என்பதால். பெரிய கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் சில கோடுகளும் வரைந்திருக்கும். எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்ற எல்லைக் கோடு அது. பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் எம்.பி. போராடி 1876ல் சட்டமாக்கினார். அதில் உப்புத் தண்ணீருக்கு ஒரு கோடு, நல்ல தண்ணீருக்கு அதற்கு மேலே ஒரு கோடு. கடல் நீர் அடர்த்தி நல்ல நீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அதிகம். அதனால் கடலிலிருந்து ஆற்றுக்குள் வரும் கலம், சுமை கூடாமலே, சற்று அமிழும். பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லோடு வந்த படகுகளைக் குதிரைகளைப் போலக் கட்டிவைத்திருந்ததாக வருகிறதே, உப்பங்கழியின் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்த அந்தப் படகோட்டிகளுக்கு இது கண்ணளவில் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு வாளி உப்புக் கரைத்த தண்ணீர், நடுவே ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயில் கொஞ்சம் மணல் போட்டு மிதக்கவிட்டால் பிள்ளைகளே கோடு போட்டுக்கொள்வார்கள்.

ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமானால் திருவாரூர் கமலாலயத் தெப்பத்தைச் சொல்லுங்கள். பீப்பாய்களை அடுக்கி மேலே தளம் போட்டு மிதக்க வைத்தது. அதற்கு அணியமும் இல்லை, அமரமும் இல்லை, ஏராவும் இல்லை. எந்தப் பக்கம் இழுக்கிறார்களோ அந்தப் பக்கம் முன். குளத்துக்கு அது போதும். ஒகேனக்கல் பரிசலும் அப்படியே, வட்டமானதற்கு முன் பின் ஏது.

நேரில் காட்ட விரும்பினால் தடைக்காலத்தில் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பழுது பார்க்கக் கரையேற்றி நிறுத்தியிருப்பார்கள். மற்ற நாளில் தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் ஏரா, சுக்கான், ஃபேன் எல்லாம் அப்போதுதான் தலைக்கு மேலே தெரியும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் என்பது தெரியும். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் வந்தால் கடைசிப் பெயின்ட் பூச்சாவது கிடைக்கும்.

மாதிரிக்குத் திரும்பினால், சீட்டுகளில் தமிழ்ப் பெயரைப் பெரிதாகவும் படத்தில் இருந்த பெயரைத் தமிழ் எழுத்தில் சிறிதாகக் கீழேயும் எழுதுங்கள். பிறகு கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டும் உதவும். வங்கு தெரிய ஒரு பக்கப் பலகையை ஒட்டாமல் திறந்து விடுங்கள். தொட்டியில் மிதக்க வேறொரு சின்னப் படகு செய்துகொள்ளுங்கள், அதன் இடுக்குகளுக்கு மெழுகுவத்தி உருக்கி ஊற்றினால் போதும், ஒரு இரவு காயட்டும். சுக்கானைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், இரண்டு குண்டூசியில் ஆடுகிற மாதிரி மாட்டுங்கள்.